மூன்றாவது வரிசையில் ஓர் இடைவெளி

புதுப் பிரார்த்தனைக் கூடத்தின் மூன்றாவது வரிசையில், பெஞ்சுகளுக்கு நடுவே இருபத்தேழு அங்குலம் காலியாகக் கிடந்தது. திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன தச்சரே, அளவுல கோட்டை விட்டுட்டீங்களா?"

"முப்பது வருஷத் தொழில் ஐயா. என் அளவு தப்பாது."

"அப்புறம் இது என்ன, விழுந்த பல்லு மாதிரி? பிரார்த்தனை முடிவுல எல்லாரும் வரிசையா கைகோக்கணும். நாம எல்லாரும் ஒண்ணுன்னு காட்டுறதே அதுதான். இங்க வந்ததும் அறுந்துடுமே!"

"அறுந்ததை ஒட்டத்தான் ஐயா இந்த இடத்தை விட்டேன்."

"புதிர் போடாதீங்க. ஒரு நாற்காலியாவது கொண்டாந்து போடுங்க."

"நாற்காலி வந்துக்கிட்டிருக்கு. அதோட அளவுக்குத்தான் விட்டிருக்கேன்."

"எங்க போய் அளவெடுத்தீங்க?"

"உங்க வீட்டுலதான் ஐயா. போன மாசம் கதவு சரிபண்ண வந்தப்போ."

தலைவர் சட்டென்று திரும்பினார். மகள் தள்ளிவர, சக்கர நாற்காலியில் அவர் மனைவி வந்துகொண்டிருந்தாள். பழைய கூடத்தில் செருப்பு அலமாரி ஓரம்தான் அவளுக்கு இடம். இரண்டு வருஷமாக அவள் வருவதையே நிறுத்தியிருந்தாள்.

சக்கர நாற்காலி அந்த இடைவெளியில் கச்சிதமாகப் போய் நின்றது. தச்சர் மீசையை நீவிக்கொண்டார்.

முதல் வரிசையில் தன் பெயர் ஒட்டியிருந்த இடத்தைத் தாண்டி வந்து, தலைவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கையை விடுங்க," என்றாள் அவள், நிமிர்ந்து உட்கார்ந்தபடி. "இன்னும் பிரார்த்தனையே ஆரம்பிக்கலை."