ஐந்தாம் நாள்

கடலுக்கு விலை ஓர் இரவுக்கு நாற்பது யூரோ என்றான் விடுதிக்காரன் ரெமீஜியோ.

அறை வாடகை தனி. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் அறைக்குத்தான் அந்த நாற்பது கூடுதல்.

"ஏம்ப்பா, அந்தக் கடலை உங்கப்பாவா வெட்டினாரு?" என்று போனில் கேட்டாள் செவெரினா. "நவம்பர்ல அங்கே கடற்காக்கா கூட வராது. ஜன்னலைச் சாத்தித்தான் வெச்சிருக்கப் போறோம்."

"சாத்தினாலும் சத்தம் கேக்குமே, சிஞோரா. அதுக்கும் சேத்துத்தான் நாப்பது."

பேச்சுக்குப் பேச்சு கொடுக்கிறவன். அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது.

ஜெனோவா துணிக்கடைக் கல்லாவில் நாற்பத்தெட்டு வருடம் உட்கார்ந்தவள் அவள். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்த பாவத்தை ஒரு நாளும் செய்ததில்லை. அந்த விடுதி இருக்கும் மொந்தெரோஸ்ஸோ ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனாலும் போனதில்லை; ஜெனோவாவே கடற்கரை ஊர்தான். வாசலில் சும்மா கிடக்கிற சரக்கை எந்த வியாபாரி வெளியூர் போய்க் காசு கொடுத்து வாங்குவான்?

இப்போது வாங்குவது அம்பேலியோவுக்காக.

அவள் கணவர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கோடையிலிருந்து அவருக்கு நினைவு உதிர்ந்துகொண்டிருந்தது. முதலில் கடையின் பெயர் போனது. பிறகு மகனின் பெயர். பிறகு அவளுடையது. வசந்தத்துக்குள் முகங்களும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அக்டோபர் முழுக்க அவர் ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வாயைத் திறந்தார்.

"மொந்தெரோஸ்ஸோ போவமா? அப்போ போன மாதிரியே?"

சொல்லிவிட்டு ஒரு தட்டு பாஸ்தாவைக் காலி செய்தார்.

அவர்கள் சேர்ந்து அங்கே போனதே கிடையாது. கலியாணமான புதிதில், பக்கத்து நெர்வியில், ஒரே ஒரு ஞாயிறு கடலோரம் நடந்திருக்கிறார்கள். அந்த ஒரு ஞாயிற்றைத்தான் நோய் இழுத்து நீட்டுகிறது என்று நினைத்தாள் அவள். நீட்டட்டும். இல்லாத பயணமாகவே இருக்கட்டும். அதில் அவள் இருக்கிறாளே. அவர் இன்னும் காலி செய்யாத ஒரே இடம் அதுதான். அங்கே போய் நின்றால், முகம் மறப்பதற்குள் ஒரு முறை தன்னைப் பார்த்துவிடுவார் என்று நம்பினாள்.

"சரி, ஒண்ணு செய்வோம்" என்றான் ரெமீஜியோ. "அஞ்சு ராத்திரி தங்கினா கடலுக்குப் பாதி விலை. நாலுன்னா பைசா குறையாது."

"இரு, கேட்டுச் சொல்றேன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு தாளை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதி வைத்தது. முதல் நாள் பொரித்த நெத்திலி, எலுமிச்சை, மழை. இரண்டாம் நாள் பக்கத்து ஊர் வெர்னாத்ஸா. படியில் அவள் செருப்பு வார் அறுந்து, அவர் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாராம். இடுப்பு வலிக்காரர், நாலு மீட்டர் துணிக்கட்டையே தூக்கமாட்டார். அதைக் கேட்டு அன்றைக்கு அவள் சிரித்தாள்.

"மூணாம் நாள்?" என்று இப்போது கேட்டாள்.

"பாறை வரைக்கும் நீந்திப் போனியே. நான் கரையில நின்னு கத்துறேன், நீ திரும்பியே பாக்கல." அவர் கண் பளபளத்தது. "தண்ணி ரொம்பக் குளிர்ந்துச்சா?"

செவெரினாவுக்குக் கடலில் கணுக்கால் வரைக்கும்தான் பழக்கம்.

"குளிர்ந்துச்சு" என்றாள்.

அவர் சிரித்தார். அவளைப் பார்த்து அல்ல. அவள் காதுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி.

திரும்பிப் பார்த்தாள். சமையலறைச் சுவர்தான் இருந்தது. ஆனாலும் நனைந்த கூந்தல் ஒன்று பின்கழுத்தில் உரசிவிட்டுப் போனதுபோல் உடம்பு சிலிர்த்தது.

நாலாம் நாள் மண் சரிந்து ரயில் ஓடவில்லை. அறையை விட்டு வெளியே வரவே இல்லை என்றார். கதவுக்கு வெளியே விடுதிக்காரி வைத்துவிட்டுப் போன ரொட்டி ஊறிப்போய்க் கிடந்ததாம்.

இல்லாத பயணத்தில் ரொட்டி ஊறுமா?

"அஞ்சாம் நாள்?" என்று கேட்டாள். குரல் மெதுவாகத்தான் வந்தது.

அவர் முகம் சுருங்கியது. மேசைக்கு மேல் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவராகப் பிடித்து எத்தனையோ மாதமாகிறது.

"அஞ்சாம் நாள் நான் வீட்டுக்குப் போயாகணும், செல்லம். உனக்குத் தெரியாததா? பாவம், அவ ஒத்தையா கடையைப் பாத்துக்கிட்டிருக்கா."

செவெரினா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மகனுக்கு அப்போது மூன்று வயது. விடாத மழை. சாக்கடை பொங்கிக் கடைக்குள் வந்தது. பிள்ளையைக் கல்லாவின் மேல் உட்கார்த்திவிட்டு, துணிக்கட்டுகளை எல்லாம் அவள் தனியாளாக மேல்தட்டுக்கு ஏற்றினாள். அவர் கம்பளித் துணி வாங்க மிலானோ போயிருந்தார். ஐந்தாம் நாள் வெறுங்கையோடு வந்தார். விலை தாறுமாறாக ஏறிவிட்டது என்றார். நல்லவேளை ஏமாறாமல் வந்தீர்கள் என்று சொல்லி, அவள்தான் சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தாள்.

பொத்தியிருந்த விரல்களுக்குள் ரெமீஜியோ இருமினான். "சிஞோரா, இருக்கீங்களா? நாலா, அஞ்சா?"

"நாலு."

"அப்போ முழு விலை ஆயிருமே. கொஞ்சம் யோசிங்க."

"ஆகட்டும். எழுதிக்கோ."

போனைக் கீழே வைத்தாள். இவ்வளவு சுலபமாகப் படிகிற ஜெனோவாக்காரியை அவன் பார்த்திருக்கமாட்டான்.

அம்பேலியோ அவள் விரல்களைத் தடவிக்கொண்டே, அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றொரு கையால் அவள் ஐந்தாம் நாளுக்கு நேரே 'வீடு' என்று எழுதினாள். பிறகு, கல்லாவில் உட்கார்ந்த பழக்கம், அடியில் கோடு கிழித்துக் கூட்டினாள்.

அந்தப் பெண்ணுக்கு நான்கு.

தனக்கு ஒன்று.