போர்வைக்குள் ஊசி

மிஷன் தையல் சங்கத்துப் பெண்கள், ஊருக்குப் புதிதாக வந்த உபதேசியார் ஏனோக்குக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்துக் கொடுத்தார்கள். கொடுத்தனுப்பிய பிறகுதான் எப்சிபாவுக்குத் தன் ஊசியைக் காணோம் என்று தெரிந்தது. போர்வைக்குள்தான் இருக்க வேண்டும். கல்யாணமாகாத மனிதரிடம் படுக்கையைப் பற்றி எப்படிக் கேட்பது? சனிக்கிழமை முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு ஆராதனையில் அவர் பிரசங்க பீடத்தில் நெளிந்தபோதெல்லாம் இவளுக்கு உடம்பில் சுருக்கென்றது.

ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அவரை மறித்தாள். தையல் சங்கமே பின்னால் நின்றது.

“போர்வையில ஊசி கெடக்கு. குத்திட்டோ?”

“இன்னும் விரிக்கவே இல்லியே.”

“ஏன், புடிக்கலியா?”

“ரெண்டு பேருக்குள்ள அகலம்லா தச்சிருக்கிய. ஒத்த ஆளு எப்படி விரிக்க?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எப்சிபாவுக்குக் காது சிவந்தது; வாய் மட்டும் அடங்கவில்லை.

“அதை எங்க அய்யாகிட்ட வந்து கேளும்.”

வீட்டுக்கு ஓடிவந்தவள் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்தாள். உச்சிவெயிலில், தெருவே வேடிக்கை பார்க்க, போர்வையைத் தலையில் சுமந்தபடி அவர் வந்துகொண்டிருந்தார். திண்ணையில் காத்திருந்த, அவளைப் பெற்ற அய்யா, கோயிலுக்குப் போட்டுப்போன கோட்டை இன்னும் கழற்றியிருக்கவில்லை.