தொங்கிய படகு

படகைத் துறையோடு இறுக்கிக் கட்டியது நான்தான். எங்கள் யாழ்ப்பாணக் கடல் ஒரு சாண் வற்றினாலே பெரிய விஷயம். இந்த நோர்வேக் கடல் ஆள் உயரத்துக்கு வற்றும் என்று நான் கண்டேனா? அன்றைய மூன்றாவது தீவைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால், வாடகைப் படகு கயிற்றில் ஒருபக்கம் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"கரையில பிறந்த மனுசன் கட்டின கட்டைப் பாருங்கோ!" என்றாள் என் மனைவி சுகிர்தா.

கடல் பெருகும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பாறையில் உட்கார்ந்தோம். மூன்று வருடமாக அவள் இங்கே தனியாக வேலை செய்கிறாள். திரும்பக் கூட்டிப்போகத்தான் நான் டொரொண்டோவிலிருந்து வந்திருந்தேன். முதல் தீவில், என்னோடு வருவாளா என்று கேட்டபோது கடற்பறவையைக் காட்டினாள். அடுத்ததில் தேநீர் ஊற்றித் தந்தாள்.

"சுகிர்தா, என்னோட வாறீரோ, இல்லையோ?"

அவள் என் ஈரக் கையுறைகளைக் கழற்றி, விறைத்த விரல்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். தேய்ப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

"வரமாட்டன்," என்றாள். "விமான நிலையம் மட்டும் நானே கொண்டுவந்து விடுறன்."