காஞ்சிபுரம் 7

1967இல் ஏலவார்குழலிக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. காஞ்சிபுரத்தில் தறி போட்ட அந்தப் புகுந்த வீட்டில் பதினோரு பேர். கணவன் குமாரவேலோடு தனியாகப் பேச இடமே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, தென்னேரிக் கரையையும் பழையசீவரம் மலையையும் சுற்றிக் காட்டினான்.

சாயங்காலம் திரும்பும்போது, வாலாஜாபாத்தைத் தாண்டியதும் மைல்கல்லில் ‘காஞ்சிபுரம் 7’ என்றிருந்தது. அடுத்த கல்லிலும் அதே ஏழு. அதற்கடுத்ததிலும்.

“இன்னொரு ஏழு வருதும்மா,” என்றான்.

“வரட்டுமே,” என்று சிரித்தவள் பேசத் தொடங்கினாள். செத்துப்போன அம்மாவைப் பற்றிச் சொன்னாள். பாதியில் நின்ற படிப்பைப் பற்றிச் சொன்னாள். சாலையோர ஏரித் தண்ணீரில் மஞ்சள் வெயில் அப்படியே நின்றது. அவனுக்குக் கால் வலிக்கவில்லை. கற்களை எண்ணுவதை இருவரும் விட்டுவிட்டார்கள்.

கடைசியில் பயந்துகொண்டே சொன்னாள்: “இந்தக் கல்யாணமே எனக்குப் புடிக்காமதாங்க இருந்துச்சு.”

மிதிப்பதை நிறுத்தாமல் அவன் கேட்டான்: “இப்போ?”

“இப்போ புடிச்சிருக்குதுங்க.”

அடுத்த கல்லில் ஆறு என்றிருந்தது.

வீட்டில் அப்போதுதான் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். “என்னாடா, அதுக்குள்ள வந்துட்டீங்க?” என்றாள் மாமியார் கிருஷ்ணம்மாள்.

குமாரவேல் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். அன்று காலையில் மாட்டிய புது டயர்கள் இரண்டும் உள்நூல் தெரியத் தேய்ந்திருந்தன.