டம்ளரின் பக்கப்பாட்டு

எபனேசர் தன் பேஸ் கிட்டாரை மூன்று முறை பிரித்து மேய்ந்துவிட்டான். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை மாற்றினான், ஒயரை மாற்றினான், நான்கு தந்திகளையும் மாற்றினான். என்ன மாற்றியும், தடித்த தந்தியைத் தொட்டால் கூடவே ‘கிணுகிணு’ என்றது.

“இனிமே கழுத்தைத்தான் கழட்டணும்” என்று அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் கிட்டார் கதிகலங்கிப்போனது. அந்தச் சத்தம் அதனுடையதே அல்ல. ஸ்பீக்கர் பெட்டியின் மேல் இருந்த காலி எவர்சில்வர் டம்ளருடையது.

“ஏம்ப்பா, கொஞ்சம் வாயை மூடேன். என் கழுத்தே போகப்போகுது” என்று கெஞ்சியது கிட்டார்.

“என்ன அண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க! நான் கூடப் பாடறதாலதானே உங்க பாட்டே எடுபடுது?” என்றது டம்ளர்.

அதற்குள் எபனேசருக்குத் தாகம் எடுத்தது. டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, பாதியைக் குடித்துவிட்டுப் பழைய இடத்திலேயே வைத்தான். கடைசியாக ஒருமுறை தடித்த தந்தியைத் தட்டினான். நாதம் சுத்தமாக வந்தது. டம்ளரைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான், ஸ்க்ரூடிரைவரைக் கருவிப்பெட்டியில் போட்டான்.

டம்ளரின் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. நாதம் அடங்கும்வரை அது கேட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணே, இவ்வளவு நாளா நீங்க இப்படியா பாடிக்கிட்டிருந்தீங்க?” என்றது டம்ளர். “இன்னொரு தடவை பாடுங்க.”