பக்கத்துக் கட்டில்

"முதல்ல கையக் கழுவிட்டு வா, மகன்! பொறகு இடியப்பத்தைத் தொடு."

நபீஸா போட்ட அதட்டலில் அவன் குழாயடிக்கு ஓடினான். மறுநாள் கட்டாருக்கு விமானம் ஏறப்போகிற இளைஞன்தான். ஆனால் குறிஞ்சாக்கேணியில் இந்தக் குசினிக்குள் நுழைந்துவிட்டால் அவன் எட்டு வயதுப் பொடியன்.

"கட்டார்ல ஆர் உம்மா என்ர கையைப் பாக்கப்போறது?"

"சிரிக்காத. வார்ட்டில படிச்ச பாடம். மறக்க விடுவனா?"

அந்த வார்ட்! பங்கசு என்கிற பூஞ்சைக் கிருமி இரத்தத்தில் ஏறி, குழாய் பூட்டிய கையோடு சின்னப் பிள்ளைகள் வாரக்கணக்கில் கிடந்த இடம். நினைத்தாலே நெஞ்சு பதற வேண்டும். நபீஸாவுக்கோ அந்த நாட்கள் திரும்பி வராதா என்றிருந்தது.

"ஜன்னலால துறைமுகத்துக் கப்பலைப் பாத்து ரெண்டு பேரும் பிடிச்ச சண்டை! நேர்ஸம்மா வந்துதான் விலக்கினா."

"பக்கத்துக் கட்டில்காரன் பெரிய கப்பலெல்லாம் தன்ர எண்டான். எனக்கு வள்ளம்தான்."

"கடைசில விட்டுத்தந்தான்தானே?"

"ஓம்." அவன் இடியப்பத்தைப் பிட்டான். "எல்லாத்தையும் விட்டுத்தந்தான்."

நபீஸா சொதியை ஊற்றினாள். "மருந்து வாங்க இவர் கொழும்புக்கு ஓடினாரே. வந்து சேருமட்டும் நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"வந்ததுதானே, உம்மா. அதாலதானே நான் இருக்கிறன்."

"இருந்து என்ன? கடல் கடந்து போறாய். நாலு காசு கண்டா இந்த உம்மாவ மறந்திடுவாய்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. விசா வந்த நாளிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்த பயம் அது.

"பெருநாளைக்கு வருவியா?"

"எந்தப் பெருநாளைக்கு வராம விட்டனான்?"

வாசலில் வான் ஹோர்ன் அடித்தது. கமலாதேவி நெற்றிப் பொட்டைத் துடைக்காத குறையாக வியர்வையை ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நபீஸா அக்கா, போதும், என்ர பிள்ளையைத் தாங்கோ! எங்கட சல்லி ஊரில சனமெல்லாம் வழியனுப்பக் காத்துக்கொண்டு நிக்குது. இராகுலன், எழும்படா!"

இராகுலன் மறுபடி போய்க் கை கழுவினான். வந்து நபீஸாவின் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"நிப்றாஸின்ர கபுறடிக்குப் போயிட்டுத்தான் இங்க வந்தனான், உம்மா. உங்கட மகன் கண் மூடின பிறகு வந்து சேந்த மருந்தை, பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஏத்துங்கோ எண்டு குடுத்த இந்தக் கையை எப்பிடி மறப்பன்?"