பதினெட்டாவது நப்பி

“பதினேழுதான் கிடக்கு. மற்றது எங்கையடி?”

ஞாயிறு முதல் பூசைக்குப் போய், அப்படியே சந்தைக்கும் போய் வந்த றோசம்மா, கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் கொடியடியில் நின்று பேரனுக்கு இடுப்பில் கட்டும் துணி நப்பிகளை இரண்டாந்தரமும் எண்ணிவிட்டார்.

“எனக்குத் தெரியாது மாமி. நேற்றுப் பதினெட்டையும் தோய்ச்சுக் காயப்போட்டனான்.” மருமகள் அன்ரோனெற்றின் விரல்களெல்லாம் சவுக்காரத்தில் வெந்து தோல் உரிந்திருந்தன.

“அப்ப நப்பிக்குக் கால் முளைச்சதோ? ஒவ்வொண்டாத் தொலைச்சால், கட்டிப்போட்டு எறியிற பம்பஸ் வாங்கலாம் எண்டு நினைக்கிறாய்.”

அன்ரோனெற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாக இதே பாட்டு. மன்னார்த் தீவில் உப்பில்லாத தண்ணீருக்கே பெரும்பாடு. தண்ணீர்ப் பவுசர் வண்டியில் பிடித்ததில் பாதி நப்பிக்குப் போக, மீதியில்தான் சோறும் குளிப்பும். தூக்கம் என்று ஒன்று இருந்ததையே அவள் மறந்துவிட்டாள்.

கணவன் பெனடிக்றிடமும் சொல்லிப் பார்த்தாள். “அம்மாவோட கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்” என்று கடலுக்குப் போனவன், கரைக்கு வந்த பிறகும் அதையேதான் சொன்னான்.

றோசம்மாவோடு துணி விஷயத்தில் வாதாட யாரால் முடியும்? கோயில் பீடத்துத் துணிகளையே சனிக்கிழமை தோறும் தோய்த்து, மடித்து, கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர். பழைய வெள்ளை வேட்டிகளைக் கிழித்து ஓரம் அடித்து, கண்ணூறு படாமலிருக்க ஒவ்வொரு நப்பியின் மூலையிலும் சிவப்பு நூலால் சிலுவை தைத்தவரும் அவரே. “உன்ர பம்பஸில சிலுவை தைக்கேலுமோ?” என்று கேட்பார்.

“பொறு, சுவாமியிட்டச் சொல்லுறன். அவர் சொன்னால்தான் உனக்குப் புத்தி வரும்.” றோசம்மா விறுவிறுவென்று போய் வாசல் படலையைத் திறந்தார்.

வெளியே பங்குக் குருவான சுவாமியே நின்றார். இரண்டாம் பூசை முடிந்த கையோடு அங்கியும் கழற்றாமல் வந்திருந்தார். முகம் சரியில்லை.

“வாங்கோ சுவாமி, நல்ல நேரத்தில வந்தீங்கள்!” கதிரையை இழுத்துப் போட்ட றோசம்மா, அவர் உட்காரும் முன்னரே தொடங்கிவிட்டார். மருமகளின் சோம்பல், பம்பஸ் ஆசை, இன்று காணாமற்போன நப்பி எல்லாம் ஒரே மூச்சில் வந்தன.

“நான் சொன்னால் கேக்கிறாள் இல்லை, சுவாமி. துணியோ பம்பஸோ, நீங்களே சொல்லுங்கோ. உங்கட சொல்லை நான் தட்டமாட்டன்.”

அன்ரோனெற்றுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. றோசம்மா சொன்ன எதற்குத்தான் சுவாமி இதுவரை மறுப்புச் சொல்லியிருக்கிறார்? இன்றோடு பம்பஸ் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அவள் குழந்தையை இறுக அணைத்தாள்.

சுவாமி தொண்டையைச் செருமினார். “பிள்ளை ஒண்டையும் தொலைக்கேல்ல.”

அங்கிப் பைக்குள் கைவிட்டு, மடித்த வெள்ளைத் துணியொன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மூலையில் சிவப்புச் சிலுவை.

“நீங்கள் தந்த கோயில் துணியளோட கிடந்தது. சிலுவையைப் பாத்திட்டுப் பீடத்தில கிண்ணம் துடைக்க எடுத்தனான். விரிக்க விரிக்கப் பெரிசாகுது. பம்பஸே வாங்குங்கோ, றோசம்மா!”